இரண்டு மலையும் ஒரு சூரியனும்

ஒரு குழந்தையிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, "உனக்கு இஷ்டமான சித்திரம் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு முக்கோண மலைகள். நடுவே உதய சூரியன். வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை. பக்கத்தில் ஒரு தென்னை மரம்.

மலைநாட்டுக் குழந்தை இப்படி எழுதினால் ஆச்சரியமில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் கண்டமங்கலத்துக் குழந்தையும் இதையே எழுதினால் என்ன சொல்வது? அதன் கண்ணெதிரே இருப்பவை நெல் வயலும், கரும்புத் தோட்டமும், பனை மரங்களும் அல்லவா? அந்த முக்கோண மலைகள் அது கண்டவை அல்ல. யாரோ பலகையில் எழுதிக் காட்டியவை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் பெரிது. தான் கண்டதைவிடப் பிறர் எழுதிக் கொடுத்ததே அழகு என்று அந்தக் குழந்தை மனத்தில் தீர்மானித்துவிடுகிறது. தன் ஊரும், தன் மரமும், தன் தெருவும் சித்திரத்துக்கு லாயக்கில்லை என்ற எண்ணம் அந்த வயதிலேயே வேரூன்றுகிறது. தன் கண்ணையே நம்பாத குழந்தை பிற்காலத்தில் எதைத்தான் நம்பும்?

உலகம் போற்றும் சித்திரக்காரர்கள் செய்தது இதற்கு நேர் விரோதமான காரியம். பிரான்ஸ் தேசத்து மோனே என்பவர் 1890-91ஆம் ஆண்டுகளில், தம் வீட்டுக்கு அருகே வயலில் நின்ற அறுவடைப் போர்களைச் சுமார் 25 முறை எழுதினார். காலை வெயிலில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம், பனியில் வேறொரு நிறம். வெளிச்சம் மாறியதும் அந்தப் படத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொள்வாராம். போர் கண்டமங்கலத்திலும் உண்டு. உங்கள் குழந்தை காலையிலும், உச்சிப் பொழுதிலும், விளக்கேற்றும் வேளையிலும் வைக்கோற்போரை மூன்று தாள்களில் எழுதட்டும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மஞ்சள் எப்போது சிவக்கிறது என்பதைப் புத்தகமில்லாமலே அது கற்றுக்கொள்ளும். இது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் நம் தேசத்திலிருந்தே கிடைக்கிறது. 1938இல் குஜராத்தைச் சேர்ந்த ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ் அந்த இடத்தைச் சித்திரங்களால் அலங்கரித்தார். அவர் எழுதியவர்கள் மகாராஜாக்கள் அல்லர். உழவர், தச்சர், மேளக்காரர் முதலிய கிராமத்து ஜனங்கள். அவரவர் தொழில் செய்யும்போது முதுகு எப்படி வளைகிறது, கை எங்கே நிற்கிறது என்பதை நாலைந்து கோடுகளில் பிடித்துவிட்டார். உங்கள் குழந்தையும் அம்மி அரைக்கும் பாட்டியை, கரும்புக் கட்டு சுமக்கும் ஆளை, சைக்கிளைச் சீர் செய்பவரைப் பார்த்து எழுதட்டும். மூக்கும் விழியும் சரியாக அமையாவிட்டால் பாதகமில்லை. வேலை செய்யும் உடல் தெரிந்தால் போதும்.

மூன்றாவது பாடம் வர்ணம். வர்ணப் பெட்டி வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். இதே விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், ராஜசிம்ம பல்லவன் எடுத்த கோயிலில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட உமாதேவியின் ஓவியம் இருக்கிறது. ஒரு காலை மடித்து, குடைநிழலில், சற்றே சாய்ந்து நிற்கும் அந்த உருவம் சிதைந்தும் அழகு குன்றவில்லை. அக்காலத்து ஓவியர்கள் கடையில் வர்ணம் வாங்கவில்லை. மண்ணிலும் கல்லிலுமிருந்தே எடுத்தார்கள். நாமும் செம்மண்ணைச் சலித்து, கரைத்த வேலம்பிசினோடு குழைத்தால் காவி நிறம் கிடைக்கும். அடுப்புக்கரி கறுப்பு. மஞ்சள் தூளில் துளி சுண்ணாம்பு சேர்ந்தால் கண்ணெதிரே சிவக்கும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்களே கையாள வேண்டும். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், செம்மண்ணோ வெளுக்காது. அதையும் குழந்தை சோதித்தே அறியட்டும். வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கினால் தூரிகை தயார்.

பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. வியன்னா நகரில் 1897இல் குழந்தைகளுக்கென்றே சித்திர வகுப்பு தொடங்கிய பிரான்ஸ் ஸிஸெக், பெரியவர்களின் படத்தைக் காப்பியடிக்கும் பயிற்சியை விலக்கினார். ஆகையால் பென்சிலைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். "இது என்ன, மாடா, ஆடா?" என்று சிரிக்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்லு, கண்ணே" என்று கேளுங்கள். சித்திர வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிக்கூடமாயிருந்தால், மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

குழந்தை சித்திரக்காரனாக வேண்டுமென்பதில்லை. வைத்தியனோ, கொத்தனோ, விவசாயியோ, கூர்ந்து பார்க்கத் தெரியாமல் எந்தத் தொழிலையும் நன்றாகச் செய்ய முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாளைக் கொடுத்துக் குழந்தையை வாசலில் உட்கார வையுங்கள். முதல் நாள் மறுபடியும் இரண்டு மலைதான் வரும். கோபிக்காமல், "எதிரே நிற்கும் பனையில் எத்தனை மட்டை இருக்கிறது, எண்ணிச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.