வேலை முடிந்த கதவைச் சாத்துங்கள்

காயல்பட்டினத்துக்குப் போனவர்கள் முடுக்கைப் பார்த்திருப்பார்கள். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வர விட்டிருக்கும் குறுகிய சந்து அது. வருவது யார் என்று குரலை வைத்தே சொல்லிவிடும் ஊருக்கு அது சரி.

கணினிக்குள்ளும் முடுக்கு உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் அப்படிப்பட்டது. ஒரு யூனிக்ஸ் கணினியின் கோப்புறையை இன்னொரு கணினி தன்னுடையதைப் போலவே திறந்து வேலை செய்யலாம். லினக்ஸிலும் அது உண்டு. ஆனால் அதன் பழைய முறையில், கோப்புறையைப் பகிரும் கணினி, வருகிற கணினி சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்பிவிடும். ‘நான்தான்’ என்றால் போதும்.

காயல்பட்டினத்தின் அதே கடற்கரையில் தெற்கே இருக்கும் கூடங்குளத்தில் நடந்ததை மறக்க வேண்டாம். அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலை இயங்கும் கட்டமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் கையில் கிடைத்த, டிட்ராக் என்ற அந்தத் தீநிரலின் மாதிரியில், உள் வலையமைப்பிலுள்ள இன்னொரு கணினியின் சி டிரைவை இணைத்துக்கொள்ளும் கட்டளையே எழுதியிருந்தது. அது விண்டோஸ்தான், யூனிக்ஸ் அல்ல. அதனால் என்ன? பகிர்ந்த டிரைவ் திருடனுக்கும் பாதைதான்.

பிறகு ஏன் யாரும் மூடுவதில்லை? பகிர்வை நிறுத்தினால் கோப்பே போய்விடும் என்ற பயம். போகாது. கோப்பு சொந்த வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியார் வரும் வழி மட்டும் அடைபடும்.

லினக்ஸில் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் என்று மட்டும் தட்டினால், இப்போது எவையெல்லாம் யாருக்குத் திறந்திருக்கின்றன என்ற பட்டியல் வரும். எப்போதோ முடிந்த வேலைக்காகத் திறந்தது அதில் இன்னும் இருக்கலாம். பயன்படுத்துவோரிடம் முதலில் சொல்லி, அவர்கள் கணினியில் இணைப்பைக் கழற்றச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பாதி வேலையில் பிழைச்செய்தி வந்து திட்டு வாங்க நேரும். பிறகு அதே கட்டளையோடு யூ (-u) என்பதையும் அந்தப் பகிர்வையும் சேர்த்துத் தட்டி நிறுத்துங்கள். பலர் இத்தோடு எழுந்துவிடுகிறார்கள். பகிர்வுகளை எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அதற்கான வரி அப்படியே கிடந்தால், மின்சாரம் போய் வந்து கணினி மறுபடி எழும்போது கதவும் தானாகத் திறந்துகொள்ளும்.

பள்ளி, வங்கி, நகராட்சி எதுவானாலும், கணினியைப் பார்த்துக்கொள்பவர் இந்த வாரமே அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும்.