தேடலில் கிடைக்காத சொல்

கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட 'விசித்ரா', தாகூரின் கையெழுத்துப் படிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒருங்கே தேடவும் ஒப்பிடவும் வழி செய்தது. இத்தகைய மின்தொகுப்புகள் பெருகப் பெருக, ஆய்வேடுகளில் ஒரு புதுவகை வாக்கியம் இயல்பாகிவிட்டது: 'இச்சொல் இவர் எழுத்தில் பயிலவில்லை.' அந்த இன்மை ஆசிரியருடையதா, மென்பொருளுடையதா என்று கேட்போர் குறைவு.

கேட்க வேண்டியதன் காரணம் ரூபி ஆன் ரெயில்ஸின் வரலாற்றிலேயே இருக்கிறது (விசித்ராவைப் பற்றிய பேச்சன்று இது). ஒரு பதிவு தரவுத்தளத்தில் உறுதியானதும் தானே இயங்கும் நிரல்துண்டு 'ஆஃப்டர் கமிட்' கால்பேக். தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கும் வேலையைப் பெரும்பாலும் அதனிடமே ஒப்படைப்பர். ரெயில்ஸ் 4.1 வரை அதற்குள் எழும் பிழை லாக் கோப்பில் ஒரு வரியாக விழுந்து அடங்கிவிடும். பதிவு இருக்கும், தேடலில் வராது, எவருக்கும் தெரியாது.

2014 டிசம்பரில் வந்த 4.2, இப்படி விழுங்குவது கைவிடப்படும் என எச்சரித்து, பிழையை வெளிக்காட்ட ஓர் அமைப்புவரியைத் தந்தது. 2016இன் 5.0இல் பிழை வெளிப்படுவதே இயல்பாயிற்று; அடுத்த ஆண்டின் 5.1இல் அந்த அமைப்புவரியும் நீக்கப்பட்டது. எச்சரிக்கையை அடக்க அவ்வரியைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது எளிது. அது பாதி வேலைகூட அன்று. கால்பேக் ஓடும் நேரத்தில் பரிவர்த்தனை முடிந்துவிட்டது. பிழை எழுந்தாலும் பதிவு திரும்பப் பெறப்படாது. பயனரோ பிழைச்செய்தியைக் கண்டு மீண்டும் சேமிப்பார். ஒரே ஓலை இருமுறை பதிவாகும். எஞ்சிய கால்பேக்குகளும் ஓடாமல் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு கால்பேக்கிலும் பிழையை அங்கேயே பிடித்து, தோற்ற பதிவின் எண்ணைக் குறித்து, மறுமுயற்சிக்கு வரிசைப்படுத்துவதே முறை.

அதுவும் இனி வருவனவற்றுக்கே காப்பு. பழைய ஆண்டுகளில் ஓசையின்றி விடுபட்டவை அப்படியே கிடக்கும். தரவுத்தளப் பதிவுகளின் எண்ணிக்கையை அட்டவணையின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, முழுவதையும் மறுபடி அட்டவணைப்படுத்தினாலொழிய அவை மீளா. இதைக் கணினிக்காரர் வேலை என்று மொழியியல் துறைகள் ஒதுக்குவது தவறு. பாடபேதம் பார்ப்பதற்கு நிகரான பதிப்புப்பணி இது. மறு அட்டவணை நடந்த நாளையும், அதில் புதிதாகத் தேடலுக்குள் வந்த பதிவுகளின் எண்ணிக்கையையும் தொகுப்பின் முகப்பிலேயே அச்சிடலாம். அந்நாளுக்கு முன் 'பயிலவில்லை' என்று எழுதியவர்கள் தம் சொற்களை மீண்டும் ஒருமுறை தேடிப் பார்க்க அது உதவும்.