அம்மாவின் அறையில் எத்தனை டிகிரி?



 கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தாயிற்று. லண்டனில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் விளக்கேற்றும் காலம் வந்துவிட்டது. ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் நம் சபையார் பேசிக்கொள்வது இப்போது பெரும்பாலும் ஒரே காரியம்: ஹீட்டிங் பில். பேசவேண்டிய காரியம்தான். கர்த்தர் கையில் கொடுத்ததை விரயமாக்காதிருப்பதும் உக்கிராணத்துவமே.

ஆனால் நம் வீடுகள் பலவற்றில் இந்தச் சிக்கனம் தவறான இடத்தில் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். வாசலைத் தாண்டுமுன் ஒரு கை தெர்மோஸ்டாட்டைக் குறைக்கிறது. வீட்டில்தான் ஒருவரும் இல்லையே என்கிறோம். அம்மா இருக்கிறார்களே! யாழ்ப்பாணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த அந்தத் தாய், இரண்டு சுவெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்தி, மாலை வரைக்கும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்டால், "எனக்குக் குளிரேல்லை, பிள்ளை" என்பார்கள். பிள்ளையின் பணம் வீணாகக் கூடாதென்று சொல்லும் வார்த்தை அது. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இராஜாக்களின் முதலாம் புஸ்தகம் முதுமையடைந்த தாவீதோடு தொடங்குகிறது. வஸ்திரங்களால் மூடியும் அவருக்கு அனல் உண்டாகவில்லை. போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. சரீரம் உண்டாக்கும் வெப்பத்தைக் காத்துவைப்பது மாத்திரமே அதன் வேலை. முதிர்ந்த சரீரமோ குறைவாகவே வெப்பத்தை உண்டாக்குகிறது. அங்கே ராஜா கேட்டதாக எழுதப்படவில்லை, ஊழியக்காரரே கண்டு யோசித்தார்கள். (அவர்கள் கண்ட பரிகாரத்தைக் குறித்து நான் இங்கே பிரசங்கிக்கப் போவதில்லை.)

வீட்டுக்குள் வெப்பநிலை குறைந்தது 18 டிகிரி இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. முதியோருக்கு அதற்கும் மேலே வேண்டியிருக்கலாம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வழி திறக்கிறது. ஆகையால் சில பவுண்ட் விலையுள்ள ஒரு சிறு வெப்பமானியை வாங்கி அம்மாவின் அறையில் வையுங்கள். நடைபாதைச் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் காட்டும் எண், அவர்கள் அறையின் எண் அல்ல.

அப்படியானால் எங்கே குறைப்பது? பலமுள்ளவர்களின் பங்கில் குறையுங்கள். வாலிபர் உறங்கும் அறைகளில் ரேடியேட்டர் வால்வைத் தாழ்த்துங்கள். முற்றிலும் மூடினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். கதவிடுக்குகளை அடையுங்கள், இருட்டியதும் திரைச்சீலைகளை இழுத்துவிடுங்கள். அடுத்து பாய்லரைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2005 முதல் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிரச்செய்து அதன் வெப்பத்தையும் மீட்டுக்கொள்ளும் வகை. ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாய் நடக்கும். நம் வீடுகளிலோ ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரே 75, 80 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது. காம்பி பாய்லரானால் அதை 60 அளவுக்கு இறக்கலாம். அறை சூடேறச் சற்று அதிக நேரம் பிடிக்கும். அம்மாவின் அறைக்காக முன்னதாகவே போட்டுவிடுங்கள். சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள வீடுகளில் தொட்டியின் தண்ணீர் 60-க்குக் கீழே போகக்கூடாது, கிருமி வளரும்.

பாய்லரை அணைத்துவிட்டு மின்சார ஹீட்டரைச் சொருகுவது லாபம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சிறு அறையொன்றைச் சிறிது நேரம் சூடாக்க அது உதவலாம், நாள் முழுவதும் ஓடினால் பில் ஏறும். கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதோ உயிருக்கே ஆபத்து. பேதுரு குளிர்காய்ந்த கரிநெருப்பு முற்றத்தில் எரிந்தது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும்.

இனி, எவ்வளவு சிக்கனம் செய்தும் கட்டமுடியாத வீடுகள். முன்பணம் போடும் மீட்டரில் காசு தீர்ந்து, இருட்டில் ஜெபித்துப் படுத்துக்கொள்ளுகிற குடும்பங்கள் நம் நடுவிலும் உண்டு. சொல்ல வெட்கம். பவுலைப் பாருங்கள். சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், துரோவாவில் கார்ப்பு வசம் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படியும் கேட்கிறார். சபைகளை நாட்டின அப்போஸ்தலன் குளிருக்கு ஒரு மேலங்கி கேட்க வெட்கப்படவில்லை.

கேட்கவேண்டிய இடங்களும் உண்டு. குறிப்பிட்ட அரசு உதவிகளைப் பெறுவோருக்கு 'வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்' திட்டத்தில் 150 பவுண்ட் கழிவு கிடைக்கும். ஓய்வூதிய வயதினருக்கு 200 அல்லது 300 பவுண்ட் குளிர்கால எரிபொருள் தொகை. 2024-இல் சுருக்கப்பட்ட இது, 2025 குளிர்காலம் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீண்டும் பெரும்பாலானோருக்கு வருகிறது. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டினவர்களிடம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் பிள்ளைகளின் பொறுப்பில் விசா பெற்று வந்த பெற்றோருக்குப் பெரும்பாலும் இவற்றில் பங்கில்லை. அவர்களுக்கு இருப்பது நாம் மாத்திரமே.

அடகாக வாங்கிய வஸ்திரத்தைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்கும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது, இரவில் ஏழைக்கு வேறே போர்வை இல்லாததினால். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரத்துக்காக நம் ஆலயக் கட்டடம் முழுவதையும் சூடாக்குகிறோம். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, கோட்டோடு அமர்ந்து ஆராதிக்கலாம் என்று மூப்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். மிஞ்சும் பணத்தில் புதன்கிழமைகளில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை பக்க மண்டபம் சூடாக இருக்கட்டும். அம்மாமாரை அழைத்து வாருங்கள். வாகன வசதி இல்லாதவர்கள் சபை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், யாராவது வந்து கூட்டிப்போவோம். பில்லையும் கையோடு கொண்டுவாருங்கள், படிவம் நிரப்ப ஆளிருக்கும்.