ஸ்டியரிங் பிடிப்பவருக்கு ஒரு நாற்காலி



பேப்பரில் "லாரி ஸ்டிரைக்" என்று கொட்டை எழுத்தில் போட்டால் நாம் என்ன நினைக்கிறோம்? டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள், நாளையிலிருந்து தக்காளி விலை ஏறும், அவ்வளவுதான். அடுத்த முறை அந்தச் செய்தியை இரண்டாவது பாரா வரைக்கும் படித்துப் பாருங்கள். ஸ்டிரைக்கை அறிவித்தது பெரும்பாலும் லாரி உரிமையாளர்கள் சங்கமாக இருக்கும். 2018 ஜூலை 20-ம் தேதி தொடங்கி எட்டு நாள் நாடு முழுக்க லாரிகள் நின்றனவே, அதை நடத்தியது அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ். அது வண்டி வைத்திருப்பவர்களின் அமைப்பு. டீசல் விலை, டோல்கேட் கட்டணம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம், இவைதான் முக்கியக் கோரிக்கைகள். எல்லாம் நியாயம்தான். ஆனால் ஓட்டுகிறவருடைய சம்பளமும் தூக்கமும் அந்த முக்கியக் கோரிக்கைகளில் வரவில்லை.

அப்படியானால் டிரைவருக்காகப் பேசுவது யார்? இந்த மலரில் அதைத்தான் கேட்க நினைக்கிறேன். எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. எங்க அப்பா லாரி டிரைவர். பூந்தமல்லியில் மூணு வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். என் செமஸ்டர் ஃபீஸ் அவர் நடைக்கு நடை வாங்கும் பேட்டாவில் மிச்சம் பிடித்த காசு.

சங்கம் யாருக்கு இருக்கிறது?

நம்ம சென்னைக்குச் சங்கம் புதுசு இல்லை. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். இந்தியாவிலேயே முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இதே ஊரில்தான்.

நம் பக்கத்தையே பாருங்கள். லாரிக்கு வேண்டிய பிரேக், வீல், செல்ஃப் மோட்டார் எல்லாம் பாடியில் செய்கிறார்கள். பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் என்று நாம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற கம்பெனிகள்தான். பெரிய ஃபேக்டரியில் பெர்மனென்ட் தொழிலாளிக்கு ஷிஃப்ட் உண்டு, எட்டு மணி நேரக் கணக்கு உண்டு, சம்பள ஒப்பந்தம் பேசச் சங்கம் உண்டு. அந்த பிரேக்கை ராத்திரி ரெண்டு மணிக்கு வாலாஜா பக்கம் மிதிக்கிற மனுஷனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஒரே பொருள்தான். செய்கிறவருக்கு ஒரு சட்டம், உபயோகிக்கிறவருக்கு வேறு வாழ்க்கை!

ஏன் இப்படி? ஒருநாள் அப்பாவிடம் நேராகவே கேட்டேன், நீங்க ஏன் சங்கத்துல சேரலை என்று. "ஃபேக்டரிக்காரனுக்கு ஒரு கேட்டு இருக்கு, அங்க கொடி கட்டுவான். நான் எந்தக் கேட்டுல போய்க் கட்டுறது?" என்றார். யோசித்துப் பார்த்தால் பிரச்சினை முழுவதும் அதில் இருக்கிறது. ஆயிரம் பேர் ஒரே சைரனுக்கு உள்ளே போய், ஒரே சைரனுக்கு வெளியே வந்தால், டீக்கடையிலேயே சங்கம் உருவாகிவிடும். லாரி டிரைவர் இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட், நாளைக்கு ஓசூர், மறுநாள் எங்கே என்று அவருக்கே தெரியாது. நம் நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளிகள். ஒரு முதலாளியிடம் இருக்கும் டிரைவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்பாவின் கூட்டாளிகள் சிலர் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். சங்கம் என்று வந்தவர்கள் சந்தா வாங்கினார்கள், கொடியை வண்டியில் கட்டச் சொன்னார்கள், போலீஸ் பிடித்தபோது போன் எடுக்கவில்லை என்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்தது தெரிந்தால் முதலாளி சாவியைக் கேட்டுவிடுவார் என்ற பயமும் இருக்கிறது. இந்த இரண்டு பேச்சையும் நாம் ஒதுக்க முடியாது. ஆனால் கவனியுங்கள், சங்கமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நமக்கு உதவுகிற சங்கத்தை இன்னும் பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

சட்டம் இருந்தது, எட்டவில்லை

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-ல் ஒன்று வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தூர நடை என்றால் 10 மணி நேரம் வரை போகலாம். ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. வாரத்தில் ஒருநாள் லீவு. படிக்கப் படிக்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஐந்து தொழிலாளிகளாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். மூணு வண்டிக்காரரிடம் ஓட்டுகிற டிரைவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான். அந்தச் சட்டத்தை இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். 2020-ல் நிறைவேறிய அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியது. வண்டியில் எதுவும் மாறியதாக அப்பா சொல்லவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். முன்பாவது கிளீனர் பையன் ஒருவன் பேச்சுத் துணைக்கு வருவான். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தூக்கம் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் ஒரே ஆள்.

ஸ்டிரைக் ஒருவருடையது, மேஜை ஒருவருடையது

2024 ஜனவரி முதல் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். புதிய பாரதிய நியாய சம்ஹிதையில் 106(2) என்று ஒரு பிரிவு. விபத்தில் ஆள் இறந்து, டிரைவர் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து வருஷம் வரை ஜெயில். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் பத்து வருஷம் என்று டிரைவர்கள் கொதித்தார்கள். மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், பஞ்சாப் என்று வடக்கிலும் மேற்கிலும் டேங்கர்களும் லாரிகளும் நின்றன. பெட்ரோல் பங்குகளில் கியூ நீண்டது. அடுத்த நாளே மத்திய உள்துறைச் செயலாளர் பேச்சு வார்த்தைக்கு அழைத்தார்.

யாரை அழைத்தார்? அதே மோட்டார் போக்குவரத்து காங்கிரசை! கலந்து பேசாமல் அந்தப் பிரிவைக் கொண்டுவர மாட்டோம் என்று உறுதி தந்தார்கள். 2024 ஜூலை 1-ல் மற்றப் பிரிவுகள் எல்லாம் அமலுக்கு வந்தபோது 106(2) மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. டிரைவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றிதான், குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வண்டியை நிறுத்தியவர் வெளியே ரோட்டில் நின்றார். மேஜையில் உட்கார்ந்தது முதலாளிகள் அமைப்பு. அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே விருப்பம், அதனால் சரியாகப் போனது. நாளைக்கு பேட்டாவை ஏற்றுவதா வேண்டாமா என்று கேள்வி வந்தால், அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் டிரைவருக்காகப் பேசுவாரா?

"நிக்கிறதுதான்டா கஷ்டம்"

நிர்வாகம் என்றதும் லாரி முதலாளிதான் வில்லன் என்று நினைக்காதீர்கள். பல முதலாளிகள் தாங்களே டிரைவராக இருந்து, ஃபைனான்ஸ் வாங்கி, வண்டி எடுத்தவர்கள். டியூ கட்டும் தேதி அவர்களையும் துரத்துகிறது. அப்பாவுக்கு அவர் முதலாளி மேல் பெரிய மனக்குறை இல்லை. அவர் மனக்குறை எல்லாம் லோடு ஏற்றுகிற, இறக்குகிற கம்பெனி கேட்டில் இருக்கிறது. "ஓட்டுறது கஷ்டமே இல்லடா, நிக்கிறதுதான்டா கஷ்டம்" என்பார்.

நம்ம பக்கத்திலேயே ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் லோடு ஏறும்போது ராத்திரி பத்து. உள்ளே பாத்ரூம் இருக்கிறது, டிரைவருக்கு அனுமதி இல்லை. "யோவ் டிரைவர், வண்டியை எடு" என்று செக்யூரிட்டி கூப்பிடுவார். பதினைந்து மணி நேரம் நின்ற மனுஷனிடம், விடிவதற்குள் ஓசூரில் லோடு இறங்க வேண்டும் என்பார்கள். முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். கண் அசந்தால் பழி யாருக்கு? பேப்பரில் "டிரைவரின் அஜாக்கிரதை" என்று வரும். கேட்டில் நின்ற பதினைந்து மணி நேரம் வராது.

சரக்குக்கு எல்லாக் கணக்கும் இருக்கிறது. ஈ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. எடை மேடையில் கிலோ கணக்கு. இன்வாய்ஸில் பைசா கணக்கு. டிரைவரின் காத்திருப்புக்கு மட்டும் நோட்டு கிடையாது. 1961 சட்டமும் டெர்மினலில் 15 நிமிஷத்துக்குக் குறைவாகச் சும்மா நிற்பதைத்தான் வேலை நேரம் என்று வெளிப்படையாகச் சேர்த்தது. பதினைந்து மணி நேரம் நிற்பார்கள் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் போலும்.

ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் கட்டாய ஓய்வு. ஒரு நாளைக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி ஓட்டிய நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் பதிகிறது. யாரும் மறுக்க முடியாது. ஆட்டோமொபைல் படிக்கிற நமக்கு இது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் அல்ல. மனசு இருந்தால் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அப்பாவுக்கு வேலை பிடிக்கிறதா என்றால், பிடிக்கும். ஒரு கீறல் இல்லாமல் லோடு இறக்கிய அன்று வீட்டுக்கு வரும் முகமே வேறு. எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வார், நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். 2025-ல் இருந்து புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று சொன்னபோது சந்தோஷப்பட்டார். அவர் ஓட்டுவது பழைய வண்டி, அது வேறு விஷயம். ஆனாலும் என்னை ஸ்டியரிங் பக்கம் விடவே மாட்டேன் என்கிறார். வேலையை நேசிக்கிற ஒருவர் அதைப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொன்னால், கோளாறு வேலையில் இல்லை, அந்த வேலைக்குக் கிடைக்கிற மரியாதையில் இருக்கிறது.

நம்மால் என்ன முடியும்?

முதலில் டிரைவர்களுக்கு அவர்களுடைய சொந்தச் சங்கம் வேண்டும். அது கம்பெனி கேட்டில் உருவாகாது. நசரத்பேட்டை, பூந்தமல்லி பைபாஸ், மதுரவாயல் என்று லாரி நிற்கிற இடத்தில்தான் உருவாகும். எல்லோரும் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அந்த நிறுவனத்திலோ, அந்தத் தொழிலிலோ இருப்பவர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அது போதும். நூறு முதலாளிகளிடம் ஓட்டுகிற நூறு டிரைவர்கள் ஒரு சங்கம் வைக்கலாம். சம்பளத்தில் ஆரம்பிக்க வேண்டாம், தண்ணீர், பாத்ரூம், காத்திருப்பு நேரத்துக்கு ஹால்டிங் பணம் என்று ஆரம்பிக்கட்டும். போன் எடுக்கிற சங்கமாக இருந்தால் சந்தா தானாக வரும்.

இரண்டாவது, நம் மாணவர் சங்கம் செய்யக்கூடியது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. விபத்து உதவி, 60 வயதில் பென்ஷன், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பாலிடெக்னிக் படிப்புக்கும் உண்டு, நண்பர்களே! ஆன்லைனில் பதிய வேண்டும் என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நான்கு பேர் போனோடு லாரி ஸ்டாண்டில் உட்கார்ந்தால் எத்தனை பேரைப் பதிந்துவிடலாம்!

மூன்றாவதுதான் முக்கியம். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் இதே எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், சூபர்வைசர் என்று உட்காரப் போகிறோம். டிரைவர் குனிந்து பேப்பரை நீட்டுகிற அந்தச் சின்ன ஜன்னலுக்கு உள்ளே இருக்கப் போவது நாம்தான். வண்டி உள்ளே வந்த நேரத்தை எழுதுங்கள். வெளியே போன நேரத்தையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அதை மேனேஜர் மேஜையில் வையுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவர் கேட்டால், "அண்ணே, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். உள்ளே வந்து முகம் கழுவிட்டுப் படுங்க, நான் எழுப்புறேன்" என்று சொல்லுங்கள். இதற்கு யாருடைய சர்க்குலரும் வேண்டாம்.

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு