சோறா, சந்திரனா? உழவன் பெயரால் தொடுக்கப்பட்ட பொய்வழக்கு

விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றி எங்கு பேச்செழுந்தாலும், "வயிற்றுக்குச் சோறில்லாத மக்களுக்குச் சந்திரன் எதற்கு? செவ்வாய் எதற்கு?" என்று உடனே வினவுவாரை நாம் நன்கறிவோம். கொழும்பு மேடைகளில் நின்று இவ்வினாவை விடுப்போர், தாம் உழவனுக்காகப் பரிந்து பேசுவதாகவே எண்ணுகின்றனர். பல்லேகம வயல்களில் சேறு மிதிப்போரின் பெயராலும், இரத்தோட்டை, உக்குவளைத் தோட்டங்களில் உழைப்போரின் பெயராலும் இவ்வழக்குத் தொடுக்கப்படுகின்றது. ஆனால், அம்மக்களை யாரும் கேட்டதில்லை. வாதியின் ஒப்பமின்றித் தாக்கல் செய்யப்பட்ட மனு இது. இதனை விசாரித்துத் தள்ளுபடி செய்வது நம் கடனாகின்றது.

முதலிற் செலவுக் கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டில் உலக நாடுகள் படைக்கும் படைக்கலத்துக்கும் செலவிட்ட தொகை 2 இலட்சத்து 71 ஆயிரம் கோடி டொலருக்கு மேல் என ஸ்டொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. அவ்வாண்டில் உலகின் மிகப் பெரிய விண்வெளி நிறுவனமாகிய நாசா பெற்ற தொகை ஏறக்குறைய 2,500 கோடி டொலர். அஃதாவது, போர்ச்செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சோற்றைப் பறித்த கள்வனைத் தேடுவோர் தொலைநோக்கியின் பின்னே தேடுவதை விடுத்துப் பீரங்கியின் பின்னே தேடுவாராக.

நம் நாட்டின் கதையோ இதனினும் தெளிவானது. கொழும்பிலே 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரத்தைக் கடன்பட்டு எழுப்பிய காலத்தில், "சோறில்லா நாட்டுக்குக் கோபுரம் எதற்கு?" என்று இவர்களிற் பலர் கேட்டாரில்லை. 2021ஆம் ஆண்டில் வேளாண் அறிஞர்களின் எச்சரிக்கையைப் புறக்கணித்து, ஒரே ஆணையால் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களிலே அத்தடையை நீக்க நேர்ந்தது. அதற்குள் விளைச்சல் வீழ்ந்துவிட்டது, உழவன் கடனாளியாகிவிட்டான். அன்று அவன் கலத்துச் சோற்றைப் பறித்தது எந்த விண்கலம்? அறிவை இகழ்ந்த அதிகாரமே பறித்தது. அறிவியலுக்குச் செலவிட்டதால் இந்நாடு வறியதாகவில்லை. அறிவியலைக் கேளாததால் வந்த வறுமையையே நாம் கண்கூடாகக் கண்டோம்.

இனி, விண்ணிலே மாந்தர் தேடுவதுதான் யாது? 2024 அக்டோபரிற் புறப்பட்ட 'யூரோப்பா கிளிப்பர்' என்னும் கலம் 2030இல் வியாழனை அடையும். அக்கோளின் சந்திரன்களுள் ஒன்றாகிய யூரோப்பாவின் பனியோட்டின் கீழ், பூமியின் கடல்கள் அனைத்தினும் மிகுந்த நீர் இருப்பதாக அறிஞர் கருதுகின்றனர். அங்கே உயிர் வாழ்தற்கேற்ற நிலை உண்டா என்பதே அக்கலம் ஆராயவிருக்கும் வினா. சனியின் சந்திரனாகிய டைட்டனில் பறந்து ஆராய்வதற்கென 'டிராகன்பிளை' 2028இல் ஏவப்படவிருக்கின்றது. சந்திரனின் மறுபக்கத்து மண்ணைச் சீனாவின் கலம் 2024இற் பூமிக்குக் கொணர்ந்தது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரனின் தென்முனையை அண்டி இறங்கிய இந்தியாவின் மூன்றாம் சந்திரயான் திட்டத்தை நடத்தியவர், விழுப்புரத்தில் ஓர் இரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்த வீரமுத்துவேல் என்னும் தமிழர். அங்கிருந்து மண்ணெடுத்துவரும் நான்காம் சந்திரயானுக்கு இந்திய அரசு 2024இல் ஒப்புதல் அளித்தது.

உயிர் எங்ஙனம் தோன்றிற்று என்னும் இத்தேடலில் இலங்கையனுக்கு இடமில்லையென்று எண்ண வேண்டா. காலியிலே பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற சிறில் பொன்னம்பெரும, நாசாவில் ஆராய்ச்சியாளராகி, சந்திரனிலிருந்து கொணரப்பட்ட மண்ணை ஆராய்ந்தவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில், பூமிக்கு அப்பாற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளனவென 1970இல் உலகுக்கு அறிவித்த குழுவில் அவரும் ஒருவர். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் கொணரப்பட்ட துகள்களிலும், உயிர்கள் புரதம் சமைக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருப்பதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. நம் தீவில் பிறந்தவர் பங்குகொண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சி அரை நூற்றாண்டின் பின் இவ்வாறு வளர்ந்து நிற்கின்றது. அவருக்குப் பின் அவ்விடத்துக்கு எத்தனை பேரை நாம் அனுப்பினோம்? இதுவன்றோ கேட்க வேண்டிய வினா!

"இவையெல்லாம் அறிவுப் பசிக்கு உதவும், வயிற்றுப் பசிக்கு உதவுமோ?" என்பார் மீண்டும் எழுவர். அவர்க்கும் விடையுண்டு. 2002இல் ஏவப்பட்ட 'கிரேஸ்' என்னும் இரட்டைச் செய்மதிகள் பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதை அளக்கச் சென்றவை. கேட்பதற்கு இது வெறும் ஏட்டறிவாகவே தோன்றும். ஆனால் பஞ்சாப், அரியானா, இராசத்தான் மாநிலங்களில் நிலத்தடி நீர் எவ்வளவு வற்றியது என்பதை, ஒரு கிணற்றிலும் கயிறு விடாமல், அச்செய்மதிகளே 2009இற் காட்டிக்கொடுத்தன. ஈர்ப்பை ஆராயப் போனவன் கிணற்று நீரை அளந்து வந்தான்! என்ன கிடைக்கும் என்று முன்னரே தெரிந்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை.

அதனினும் அண்மையில், 2025 யூலை 30ஆம் நாள் இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நிசார்' செய்மதியை ஏவின. முகிலையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும் ராடார் கொண்டது அது. 12 நாட்களுக்கு இருமுறை உலகின் நிலப்பரப்பை அளந்து, நிலம் சில சென்றிமீற்றர் நகர்ந்தாலும் கண்டுகொள்ளும் வண்ணம் அமைக்கப்பட்டது. அதன் தரவுகளை எந்நாட்டவரும் விலையின்றிப் பெறலாம் என்பது அத்திட்டத்தின் விதி.

மலைநாட்டு மக்களே, இது உங்கள் உயிரோடு தொடர்புடைய செய்தி. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களோடு தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுட் புதைந்தன. அம்மலை ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, மக்களோ அப்புறப்படுத்தப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் தாக்கியபோது கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. தீவெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்மதி மலையைத் தாங்கிப் பிடிக்காது என்பது உண்மையே. ஆயினும், மெல்ல நகரும் மலையைக் காலத்தே காட்டவல்லது அது. காட்டுவதைப் படிக்கத் தெரிந்தவன் இங்கே வேண்டும். படித்தவன் சொல்வதைக் கேட்கும் அரசு வேண்டும். கேட்டதை மக்களின் மொழியில் உரைக்கும் அதிகாரி வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. ஆகவே, மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் வெளியாகும் அதே வேளையில் தமிழிலும் வெளியாதல் சட்டப்படியான உரிமை. அதனை யாரும் சலுகையென்று கருதற்க.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் நாம் கண்டிக்கவேண்டியுள்ளது. சோறு பற்றிக் கேட்போர் ஆராய்ச்சியே வேண்டா என்கின்றனர். இவர்களோ எல்லாம் நம் முன்னோர் ஆராய்ந்து முடித்தனர் என்கின்றனர். 2020ஆம் ஆண்டில் நம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணன் விமானம் ஓட்டியதற்கான ஆவணங்களைத் தருமாறு பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தது! அதற்கு முந்திய ஆண்டில் விண்ணுக்குச் சென்ற நம் முதற் செய்மதிக்கும் 'இராவணா 1' என்றே பெயர். இரண்டு இளம் இலங்கைப் பொறியியலாளர் உழைத்து உருவாக்கிய அச்சிறு கலம் நிறையில் ஏறக்குறைய ஒரு கிலோ. அவர்களின் உழைப்பு போற்றற்குரியது. ஆனால், பட்டறை ஜப்பானுடையது, ஏற்றிச் சென்ற ரொக்கெட்டு அமெரிக்காவினுடையது. பெயர் மட்டும் நம்முடையதாயின் போதுமோ? காப்பியத்து விமானத்தைக் கொண்டாடி, பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தைப் பூட்டி வைக்கும் நாட்டில் பெருமை விளையும், அறிவு விளையாது.

சட்டத்தின் பக்கத்தையும் நோக்குவோம். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும், பொருளாதார வளர்ச்சியோ அறிவியல் வளர்ச்சியோ பாராமல், எல்லா நாடுகளின் நன்மைக்காகவே நடைபெறல் வேண்டுமென்பது அதன் முதலாம் உறுப்புரை. எந்நாடும் சந்திரனைத் தன் உடைமையாக்கல் ஆகாது என்பது இரண்டாம் உறுப்புரை. ஆயினும், சந்திரனிலும் சிறுகோள்களிலும் தோண்டியெடுக்கும் பொருள் எடுத்தவனுக்கே சொந்தம் என அமெரிக்கா 2015இலும், லக்சம்பேர்க் 2017இலும், ஜப்பான் 2021இலும் சட்டமியற்றின. அச்செல்வம் மானிட குலத்தின் பொதுச்சொத்து என்று கூறிய 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகளோ இருபதுக்கும் குறைவு. அவற்றுள் இலங்கை இல்லை. நிலத்திலே உறுதி எழுதாது இருந்தவன் காணியை இழந்த கதையை அறியாத உழவன் உண்டோ? விண்ணிலும் அக்கதையே நடக்கவிருக்கின்றது. விண்வெளியின் சமாதானப் பயன்பாட்டுக்கான ஐக்கிய நாடுகள் குழுவில் நமக்கு ஆசனம் உண்டு. அவ்வாசனத்தில் அமர்வோர் வாய் திறத்தல் வேண்டும்.

வல்லரசுகளின் தயவை நம்பி வாளாவிருத்தலும் ஆகாது. 2025ஆம் ஆண்டில் நாசாவின் அறிவியற் செலவை ஏறக்குறையப் பாதியாக வெட்டுமாறு அமெரிக்க ஆட்சியே முன்மொழிந்தது. இன்று விலையின்றி வரும் தரவு நாளையும் வரும் என்பதற்கு யார் பிணை?

ஆதலின் நாம் கோருவன இவை. மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் அமைதல் வேண்டும். மொறட்டுவையிலே 1984 முதல் இயங்கும் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் வாயில், இம்மாணவருக்கும் திறத்தல் வேண்டும். செய்மதித் தரவைக் கொண்டு மண்சரிவையும் மண்ணின் ஈரத்தையும் நீர்த்தேக்கத்தின் நிலையையும் கணித்து, உழவனுக்கு அவன் மொழியில் அறிவிக்கும் பிரிவு ஒவ்வொரு மலைநாட்டு மாவட்டத்திலும் நிறுவப்படல் வேண்டும். பட்டம் பெற்ற தமிழர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு மாதம் ஒருநாள் சென்று இவ்வறிவைப் புகட்டுங்கள். உழவர்களே, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், "எம் மகனுக்கு விஞ்ஞான ஆசிரியர் எங்கே?" என்று கேளுங்கள்.

விதைநெல்லை உண்ணாது காத்தவன் மூடனல்லன். உழவனின் பெயரால் விதைநெல்லைத் தீயிலிடச் சொல்வோரின் மனு தள்ளுபடியாகுக!