புலி வளைந்து பாயலாமா?

தக்கலையில் ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் டேலி, ஜிஎஸ்டி, கடன் பாக்கி. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மகன் பயன்படுத்தி ஓய்ந்த பழைய லேப்டாப்பில் கேம் எழுதுகிறேன். இதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு இரண்டு விதமாகச் சந்தேகம் வருகிறது. "ரம்மியா மக்ளே? அதுல காசு போயிருமே" என்பது பக்கத்து வீட்டுச் சித்தியின் கவலை. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பது மற்ற எல்லாருடைய கேள்வி.

சித்தியின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்தியை நாம் நிறையப் படித்துவிட்டோம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம், பணம் வைத்து ஆடுவதை ஒரு பக்கமும் மற்ற விளையாட்டுகளை மறுபக்கமும் பிரித்துக் கோடு போட்டது. அந்தக் கோட்டைக் காட்டிச் சித்தியைச் சமாதானப்படுத்திவிட்டேன். எனக்குச் சண்டை, என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களோடுதான்.

2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் படிப்பு என்றாலே நர்சிங், இன்ஜினியரிங், வளைகுடா விசா என்று பழகிப்போனோம். ஒருவர் ஆசைக்காக ஒன்றைக் கற்பதைப் பார்த்தால் நமக்குப் பொறுக்காது. அதற்கும் ஒரு கோர்ஸ், ஒரு சான்றிதழ் வேண்டும். கேம் எழுதக் கற்றுத்தருவதாக ஃபிளெக்ஸ் வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் ஏறி விசாரித்தேன். ஐம்பதாயிரத்துக்குக் குறையாது, முதல் மாதமே துப்பாக்கிச் சண்டை கேம் செய்துவிடலாம் என்றார்கள். துப்பாக்கி, சுடுகிறவன், அவன் ஒளியும் கட்டடம் எல்லாம் யாரோ எப்போதோ செய்து வைத்தவை. பிள்ளைக்கு மிச்சமிருப்பது அவற்றை இழுத்துவந்து திரையில் போடும் வேலை.

புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சின்ன விளையாட்டுதான் சரி. 1972-ல் அட்டாரி நிறுவனத்தின் நோலன் புஷ்னெல், புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குக் கை பழகட்டும் என்று ஒரு வேலை கொடுத்தார். இரண்டு மட்டை, ஒரு பந்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை, அவ்வளவுதான். அதுதான் 'பாங்'. கைப்பழக்கத்துக்குச் செய்ததே காசு போட்டு ஆடும் எந்திரமாக ஊரெங்கும் போய், வீடியோ கேம் என்ற தொழிலையே தூக்கி நிறுத்தியது.

நான் எடுத்துக்கொண்டது ஆடுபுலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையிலும் ஆற்றங்கரைப் பாறையிலும் கொத்தி வைத்திருப்பார்களே, அதே கட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி: உச்சியில் ஒன்று, குறுக்கே ஓடும் மூன்று கோடுகளில் ஆறாறு, அடியில் நான்கு. என்னைப் போலப் படம் வரைய வராதவர்களுக்கு இதைவிடத் தோதான கேம் கிடையாது. கோடும் வட்டமும் போட்டால் வரைகிற வேலை முடிந்தது. மூளைக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுத்து, எது எதோடு கோட்டால் சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். ஆடு நகர அது போதும். புலிக்குப் போதாது. 'பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, ஆட்டுக்குப் பக்கத்துப் புள்ளி காலியாக இருந்தால் பாய்' என்று எழுதிப் பாருங்கள். புலி மூலை திரும்பி வளைந்து பாயும்! நம் கண் நேர்கோட்டைத் தானாகப் பார்த்துக்கொள்கிறது. கணினிக்குக் கோடு தெரியாது, நாம் கொடுத்த எண்தான் தெரியும். ஆகவே இன்னொரு பட்டியல் வேண்டும்: புறப்படும் புள்ளி, தாண்டும் புள்ளி, இறங்கும் புள்ளி என்று மும்மூன்றாக. கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாய்ச்சலாக விரலை வைத்து எழுதி முடித்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட இன்பமான பேரேடு இருக்க முடியாது.

அடுத்தது விதி. புலி ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டை வெட்டலாமா? என் மாமனாரிடம் கேட்டேன். தாராளமாக வெட்டலாம் என்றார். திண்ணையில் இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டா விடவில்லை. "ஒரு தடவைக்கு ஒண்ணுதான். நீரு எந்த ஊருல ஆடினீரு வோய்?" எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து எத்தனையோ ஆட்டம் ஆடியவர்கள்! தரையில் ஆடும்போது, தகராறு வருகிற இடத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கணினியிடம் "அதெல்லாம் பாத்து ஆடிக்கிடலாம்" என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே முடிவு கட்டித்தான் ஆக வேண்டும். கடைசியில் 'மாமா விதி', 'பாட்டா விதி' என்று இரண்டு பொத்தான் வைத்தேன். வாயால் சொல்லிவந்த ஒன்றை ஐயமில்லாமல் எழுதிப் பழகுவதுதான் புரோகிராமிங். அது எனக்கு வந்தது இந்தத் திண்ணைச் சண்டையில்.

கருவிக்குக் காசு செலவில்லை. நான் பயன்படுத்துவது கோடோ. அர்ஜென்டினாக்காரர்களான ஹுவான் லினியெட்ஸ்கியும் ஆரியல் மன்சூரும் உருவாக்கி, 2014-ல் மூலநிரலோடு எல்லாருக்கும் திறந்துவிட்டது. இதே வகைக் கருவி தரும் பெரிய நிறுவனமான யூனிட்டி 2023-ல் கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்துப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தபோது பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். எனக்குக் காரணம் வேறு. பழைய கோடோவில் தமிழ் எழுதினால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறி நிற்கும். 2023-ல் வந்த நான்காம் பதிப்பில் ஒழுங்காக உட்காருகிறது. 'ஆடு வெட்டுப்பட்டது' என்று திரையில் பிழையில்லாமல் வந்தால்தானே பாட்டா கண்ணாடியை எடுத்து மாட்டுவார்?

தமிழ் வாழ்க்கையை வைத்துக் கேம் செய்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்பதுண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'வைப் பாருங்கள். 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பில் பாதி அழிந்திருக்கிறது. அழிந்ததை யூகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். அதில் புட்டும் உண்டு. குழலில் சில்லு எப்போது, தேங்காய் எப்போது, மாவு எப்போது என்பதுதான் புதிர்! நம் வீடுகளில் காலையில் தூக்கக் கலக்கத்தோடு செய்கிற காரியம். 2024-ல் பாஃப்டா அதற்கு அறிமுக கேம் விருது கொடுத்தது. இதை எழுதவே யோசித்தேன். விருது என்றதும் "அப்போ இதுல சம்பாதிக்கலாமோ?" என்று ஃபிளெக்ஸ்காரர்கள் கிளம்பிவிடுவார்கள்.

சம்பாதிக்கிறவர்கள் சம்பாதிக்கட்டும். கோயில் கச்சேரிக்கு மிருதங்கம் கற்காமல் வீட்டுத் திண்ணையில் தட்டிப் பழகுகிறவனை நாம் வேலை கேட்டு நச்சரிப்பதில்லை. கேம் எழுதுகிற பிள்ளைக்கும் அந்தச் சலுகை கிடைக்கட்டும். ஒரு ஆட்டத்தை ஆரம்பித்து, பாதியில் விடாமல் முடித்து, இன்னொருவர் கையில் கொடுத்து ஆடவிடும் வரை அவன் பாட்டுக்கு விடுங்கள். பிறகு அவன் அக்கவுண்டன்ட் ஆனாலும் சரி, ரப்பர் வெட்டப் போனாலும் சரி.

பள்ளிக் கல்வித் துறையிடம் ஒன்று கேட்கலாம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. மே மாத விடுமுறையில் இரண்டு வாரம், காலை வேளையில் மட்டும் அதைத் திறந்துவிட்டால் என்ன? சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் என்ற எளிய கருவி போதும். பாடத்திட்டம் வேண்டாம், போட்டி வேண்டாம், முதல் பரிசு வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு விளையாட்டு: பல்லாங்குழியோ தாயமோ கிளித்தட்டோ, அவர்கள் தெருவில் எப்படி ஆடுகிறார்களோ அப்படி. மேற்பார்வைக்கு ஆள் யார் என்று தலைமை ஆசிரியர்கள் கேட்பார்கள். என்னைப் போல ராத்திரியில் லேப்டாப்போடு உட்காருகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள்; சம்பளம் கேட்க மாட்டோம். எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்றைக்கு நான் வரத் தயார்.