குவாண்டம் பின்னல்: நம்ம குடும்ப குரூப் ரகசியத்தை அது காக்குமா?

ஜார்ஜ்டவுனில் நீங்கள், சென்னையில் அத்தை, லண்டனில் அண்ணன். நீங்கள் குரூப்பில் பேசுவதைப் பூட்டி வைத்திருப்பது வெறும் கணக்குதான். போதிய பலமுள்ள குவாண்டம் கணினி வந்தால், இன்று உலகம் நம்பியிருக்கும் இந்த மாதிரிப் பூட்டுகளில் பல உடையும். அதனால் இப்போதே தகவலைச் சேமித்து வைத்து, பிறகு திறக்கலாம் என்று ஒருவர் காத்திருக்க முடியும். குடும்ப அரட்டைக்குப் பரவாயில்லை, மருத்துவ அறிக்கைக்கு?

இதற்கு ஒரு பதில்தான் என்டேங்கிள்மென்ட் எனும் குவாண்டம் பின்னல். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஒளித்துகள்களை ஆளுக்கொன்றாக அனுப்புவார்கள். இருவரும் ஒரே விதமாக அளந்தால், பொருந்துகிற விடை கிடைக்கும். அந்த விடைகள்தான் சாவி. நடுவில் யாராவது கை வைத்தால் பொருத்தம் கெட்டு, பிழை கூடிவிடும்; உடனே தெரிந்துவிடும். ஆனா ஒன்று, இந்த வழியில் செய்தி போவதில்லை, சாவி மட்டும்தான். பலரும் இதைக் குழப்பிக்கிறாங்க.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால்? 2020-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 8 பேரை இப்படி இணைத்துக் காட்டினார்கள். மொத்தம் 28 ஜோடிகள். துகள்களை அனுப்புவதோ ஒரே மூலம். அந்த மூலத்தை நடத்துபவரையே நீங்கள் நம்பத் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். மூன்று துகள்களைப் பின்னினால் ரகசியத்தையே இருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று 1999-இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கோயில் கமிட்டி வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து கேட்பார்களே, அதே மாதிரி: இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. டில்லி ஐஐடி வளாகத்தில் 2025 ஜூனில் திறந்தவெளியில் 1 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வினாடிக்குச் சுமார் 240 பிட் சாவி கிடைத்தது. 256 பிட் சாவி ஒன்று தயாராக ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஃபைபரில் 100 கிலோமீட்டர் போனால், 100 துகளில் ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சும். சாதாரண சிக்னலைக் கடலடி கேபிளில் வழிநெடுக பெருக்கிக்கொண்டே போகலாம். பின்னிய துகளை நகலெடுக்கவே முடியாது. பினாங்கிலிருந்து சென்னை 2,000 கிலோமீட்டருக்கு மேல். சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் இந்த முறையில் 1,120 கிலோமீட்டர் வரை சாவி கொடுத்திருக்கிறது, அதுவும் இரவில்.

அப்போ நம்ம குரூப்? குவாண்டம் கணினிக்கும் கடினமான புதுக் கணக்குகளை அமெரிக்காவின் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலையாக்கியது. பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமும் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறது. தனிக் கருவி எதுவும் வேண்டாம். சிக்னல் செயலி 2023-இலும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-இலும் இந்த வகைப் பூட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டன, ஒரு சாதாரண அப்டேட்டில்.